பின்சுவருக்கு அந்தப் பக்கம்

மேசன் வேலையை விட்டதும் போன மாதம் என் கருவிப் பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். உளிகளும் தூக்குக்குண்டும் ஒருவனுக்கு, மட்டம் பார்க்கும் தண்ணிக் குழாய் என் கீழ் வேலை பழகிய நேசனுக்கு. குழாயைக் கையில் வாங்கிய சூட்டோடு நேசன் தன்னுடைய புது லேசர் மெஷினை எடுத்துச் சுவரில் சிவப்புக் கோடு அடித்துக் காட்டினான். "அண்ணே, ஒரு நிமிஷத்துல நாலு சுவரும் மட்டம். இந்தக் குழாய வச்சு நான் ரோசாச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிறேன்" என்றான். கோபம் வரவில்லை. நல்ல சாமான் அது. எனக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தி கிடைத்திருந்தால் என் முட்டி இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கும்.

மழைக்கு ஒதுங்கித் தேத்தண்ணி குடிக்கும்போது ஒருவன் கேட்டான், "அண்ணே, நீங்க செஞ்சதுலயே எது பெரிய வேல?" மண்டபத்தைச் சொல்வேன், பள்ளிக்கூடத்து மாடியைச் சொல்வேன் என்று காத்திருந்தார்கள். "பஜாருல செல்வராணி கடை" என்றேன். "அந்தச் சட்டிபானைக் கடையா!" என்று சிரிப்பு. நேசன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அந்த வேலையில் என்னோடு இருந்தவன். தலையைக் குனிந்து கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுல நான் ஒரு தப்புப் பண்ணினேன்டா. அந்தத் தப்ப நம்ம ஆளுகளாலதான் பண்ண முடியும்" என்றேன். கதையைப் பாதி சொல்வதற்குள் மழை விட்டது, எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் சந்தனம். பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா தோட்டத்து மேசன். மேசன் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துச் சுவர் வெடித்தால் பூசுவார், அடுப்படி இடிந்தால் கட்டுவார், வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிப்பார். நான் வாளி தூக்கினேன். எங்களுடையது இரட்டை லயம். முன்பக்கம் பன்னிரண்டு காம்பரா, அதன் முதுகோடு முதுகு ஒட்டிப் பின்பக்கம் பன்னிரண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. அந்தச் சுவர்களுக்கு எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்திருப்பேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பத்தொன்பது வயதில் பதுளைக்கு பஸ் ஏறி சுமணபால பாஸிடம் சேர்ந்தேன். எங்கள் ஊரில் தலைமை மேசனை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த மனுஷன், கட்டைக் குரல், அரைகுறைத் தமிழ். பதினெட்டு வருஷம் அவரிடம் இருந்தேன். ஒரு நாளும் கத்தியதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்கு நாங்கள் அடியை விட அதிகம் பயந்தோம்.

பழைய கட்டடத்துக்குள் போகும்போது செருப்பை வாசலில் கழற்றி வைப்பார். சாமி கும்பிடவா என்று முதல் நாள் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, தரை எங்கே ஈரம், எங்கே அதிருகிறது என்று காலால் பார்க்கிறார். சுவருக்குப் பக்கத்தில் போய் முட்டியை மடக்கித் தட்டுவார். டொக், டொக். கொஞ்சம் பொறுப்பார். அப்புறம் இன்னொரு தடவை, டொக். முதல் ரெண்டும் கேட்கிறதற்கு, மூன்றாவது நம்புகிறதற்கு என்பார்.

அவரிடம் இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று, பூச்சுக்கு முந்தி ஒவ்வொரு அறையிலும் ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு. வேலையாட்கள் எல்லோரும் அந்த அறைக்குள்தான் பார்சலைப் பிரிக்க வேண்டும். மரநிழல், காற்று என்று வெளியே ஓடக் கூடாது. "சோறு சாப்பிட ஏலாத அறையில மனுசன் எப்பிடி இருக்கிற, சந்தனம்?" என்பார். ஒரு டாக்டர் வீட்டில் அப்படிச் சாப்பிட்டபோது மத்தியான வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது. எழுந்து கை கழுவிவிட்டு, எழும்பின ஜன்னலை இரண்டடி தள்ளிக் கட்டச் சொன்னார். டாக்டரிடம்கூடக் கேட்கவில்லை.

இரண்டாவது சட்டம், பாரம் தாங்குகிற சுவரை வெட்டும்போது வெட்டச் சொன்னவன் அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாசல் வெட்டியபோது அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வழுக்கைத் தலையில் சுண்ணாம்புத் தூள் கொட்டுகிறது. மனுஷன் எங்களைப் பார்த்து, "தேத்தண்ணி வரேல்லயா இன்னும்?" என்று கேட்கிறார்! நாங்கள் சிரித்துவிட்டு மறுபடி உளியைப் பிடித்தோம்.

அவர் வேலையை விட்ட பிறகு நான் தனியாக ஆள் சேர்த்து வேலை எடுத்தேன். அப்படி இருபது வருஷம் ஓடியபின் ஒரு மாசி மாதத்தில் செல்வராணி என்னைத் தேடி வந்தார்.

செல்வராணி ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பிள்ளை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா மாரியாயி கொழுந்தெடுத்து வளர்த்தார். செல்வராணி வெளிநாட்டில் பதினாலு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி, பதுளை பஜாரின் பின்தெருவில் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடத்தை வாங்கியிருந்தார். ஒரு காலத்தில் யாரோ வியாபாரி செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டு வைத்த ஸ்டோர். மேல்மாடிக்கு ஏறினால் அப்போதும் தும்மல் வந்தது.

"கீழ கடைண்ணே. கல்யாணத்துக்கு, புதுக் குடித்தனத்துக்கு நம்ம தோட்டத்து ஆளுக எட்டுக் கடை ஏறி எறங்காம அண்டாவுல இருந்து தேத்தண்ணி வடி வரைக்கும் ஒரே எடத்துல வாங்கணும். மேல வீடு. நானும் அம்மாவும்" என்றார்.

"எப்ப முடியணும்?"

"அம்மாவுக்கு மூச்சு முட்டுதுண்ணே. போன வருஷம் மட்டும் நாலு தடவ ஆஸ்பத்திரி வாட்டுல போட்டாச்சு. லயத்துப் பொகையிலயும் ஈரத்துலயும் இன்னொரு மழைக்காலம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஐப்பசி மழைக்கு முந்தி அம்மாவ இந்த மேல்வீட்டுக்கு ஏத்திரணும்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய கட்டடத்தைத் திருத்தத்தான் மாநகர சபையில் அனுமதி. சுவர் விழுந்தால் புதுக் கட்டடக் கணக்கு. புதுக் கட்டடமென்றால் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும், பின்னால் சரிவு. அப்படித் தள்ளினால் கடையும் இல்லை, வீடும் இல்லை. ஆக, அந்த நாலு சுவரும் நின்றாக வேண்டும்.

வேலை தொடங்கிய முதல் வாரம், கூரையே பிரித்துக் கிடக்கிறது, செல்வராணி வந்து வாசல் நிலையில் வீட்டு நம்பர்த் தகட்டை ஆணி அடித்து மாட்டினார். "என்ன தங்கச்சி, தலைக்கு மேல ஆகாசம் தெரியுது, நம்பருக்கு என்ன அவசரம்?" என்று கேலி செய்தேன். "எங்களுக்கு வந்த கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தாண்ணே வரும். எங்க வீட்டுக்குன்னு ஒண்ணு வந்ததே இல்ல" என்றார். நானும் அதே ஆபீசுக் கடுதாசியில் வளர்ந்தவன்தானே. பூச்சு வேலை முடியும் வரை அந்தத் தகட்டில் ஒரு சொட்டுச் சாந்து படாமல் துணி சுற்றி வைத்தோம்.

அந்த வேலையில் எனக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. உளுத்த கைமரங்களை மட்டும் மாற்றினேன். மேல்மாடிப் பலகைத் தரையைப் பிய்த்துவிட்டு கொங்கிரீட் போடலாம் என்றார் கட்டடப் படம் கீறியவர். பழைய சுவருக்கு அந்தப் பாரம் ஆகாது என்று மறித்து, பலாப் பலகையை இழைத்து எடுத்தேன். யாரோ சீமெந்து பூசிச் சுவரை மூச்சு விடாமல் செய்திருந்தார்கள். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்புச் சாந்து பூசினேன். சுண்ணாம்புதான் எனக்குத் தாய்ப்பால் மாதிரி ஆயிற்றே.

மேலே முன்பக்கம் ஒரு ஹோல், நடுவில் படுக்கை அறை, கடைசியில் அடுப்பு வைக்கிற குசினி. படத்தில் குசினிப் பின்சுவரில் ஒரு ஜன்னல் போட்டிருந்தது. அதை நான் பென்சிலால் அடித்தேன். "பழைய சுவர், கூரைப் பாரம் பூரா அதுல நிக்குது, தொட வேணாம்" என்றேன். செல்வராணி ஒரு தடவை எட்டிப் பார்த்து, "பின்சுவர்தானேண்ணே" என்றார். என் ஐந்து ஆட்களும் தோட்டத்துப் பிள்ளைகள். ஒருவனாவது, ஏன் அண்ணே என்று கேட்கவில்லை. நான் சொன்ன காரணம் பாதி உண்மைதான். மீதிப் பாதி என்னவென்று எனக்கே அப்போது தெரியாது.

சாப்பாட்டுச் சட்டத்தையும் கைவிட்டேன். மழைக்கு முந்தி முடிக்கிற அவசரம். தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு முன் ஹோலிலேயே தினமும் சாப்பிட்டோம். குசினியில் ஒரு நாளும் பார்சலைப் பிரிக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினார்கள். மாரியாயி அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். பதின்மூன்று படி, மூன்று படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி ஏறினார். பால் பொங்கியது, எல்லோரும் சாப்பிட்டார்கள், கலைந்தார்கள். நான் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா மெல்ல குசினிக்குள் போனார். அடுப்புத் திட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு பின்சுவரில் கை முட்டியால் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, பொறத்தால யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"வீடு பூட்டிக் கெடக்கா?"

"வீடே இல்லம்மா. சரிவு. கொஞ்சம் வாழ. அதுக்கு அங்கிட்டு ஓயா ஆறு, மல."

"அப்ப வெளியா?"

"வெளிதாம்மா."

குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். "வெளின்னா ஏன் தம்பி அடைச்சு வச்சிருக்கீங்க?"

சாக்கைப் பிடித்தபடி நின்றேன்.

இரட்டை லயத்தில் பின்சுவர் என்பது நம்முடையது இல்லை. அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அதில் ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. உப்பு வேண்டுமென்றால் தட்டுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தட்டுவோம். மாரியாயி அம்மாவுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் சுவரைத் தட்ட, பின்காம்பராவிலிருந்து ஒரு பெண் லயத்தைச் சுற்றி ஓடி வருவாராம். அந்த அம்மாவுக்குப் பின்சுவர் என்றால் ஒரு ஆள். எனக்குப் பின்சுவர் என்றால் திறக்காதது. எத்தனையோ வீடு கட்டினேன், எல்லாம் மற்றவர்களுக்கு, படத்தில் இருந்தபடி. முதல் தடவையாக நம் ஆளுக்காக, என் சொல் கேட்டு ஒரு வீடு எழும்பியது. டவுனுக்கு நடுவில், மாடியில், ஒரு லயத்துக் காம்பராவைக் கட்டி வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து செல்வராணி போன் செய்தார். "அண்ணே, அம்மாவ திரும்ப வாட்டுல போட்டிருக்கு." குசினியில் தாளித்த நெடி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நின்றிருக்கிறது. மழை பிடித்ததும் சுவர் வியர்த்திருக்கிறது. வீட்டுக்குள் காற்று வருதா என்று டாக்டர் கேட்டாராம்.

நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். "என் தப்பு தங்கச்சி" என்றேன். அந்தப் பிள்ளை என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்க உரிமையும் இருந்தது. "நானும்தானேண்ணே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கும் வித்தியாசமாத் தெரியலயே" என்று சொல்லிவிட்டு, "இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவன்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். கூரை ஏறி உட்கார்ந்த பிறகு, ஈர நாளில், ஒன்றரை அடிப் பழைய சுவரில் ஜன்னல் வெட்ட வேண்டும். தவறினால் சுவர் போகும். சுவர் போனால் கட்டடம் போகும். அம்மா திரும்ப லயத்துக்குத்தான் போக வேண்டும்.

ஹாலிஎலையில் மகள் வீட்டில் இருந்த பாஸிடம் போனேன். எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த அறையில சோறு சாப்பிட்டதா?"

தலையைக் குனிந்தேன். அந்தப் பழைய மௌனம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, பேரப்பிள்ளை எடுத்தவன், வாளி தூக்குகிற பையன் மாதிரி நின்றேன். பிறகு எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து உதறினார். "நாளைக்கு சாப்பிடுவம்" என்றார்.

மறுநாள் குசினியில் பல்பைப் போட்டுக்கொண்டு எல்லோரும் சாப்பிட்டோம். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பல்பு! சம்பல் வாசனை தலைக்கு மேலேயே நின்றது. முதுகில் வியர்வை. பாஸ் கை கழுவிவிட்டுப் பின்சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக். டொக். நாலாவது இடத்தில் நின்று, கரித்துண்டால் மூன்றடி அகலத்தில் ஒரு பெட்டி கீறினார்.

"இங்க. பயமா சந்தனம்?"

"பயமா இருக்கு பாஸ்."

"எனக்கும்தான்" என்றார்.

ஜன்னலுக்கு மேலே பாரம் தாங்க இரண்டு கொங்கிரீட் உத்தரங்களைத் தரையிலேயே வார்த்து, ஈரச் சாக்கு போட்டுப் பதினான்கு நாள் வைத்தோம். சுவரின் தடிப்பை இரண்டு பாதியாக நினைத்துக்கொள்ள வேண்டும். வெளிப்பாதியில் ஒன்று, உள்பாதியில் ஒன்று. முதலில் வெளிப்பக்கம் மட்டும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி ஒரு உத்தரத்தை நுழைப்போம். அது சுவரின் பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்ட பிறகு உள்பக்கம். இரண்டும் உட்கார்ந்த பின்தான் கீழே உள்ள கற்களை எடுக்க வேண்டும்.

அதுவரை கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். மேல்வீட்டில் கைமரங்களுக்குக் கீழே மூன்று கட்டைகளை நிறுத்தி, அடியில் ஆப்பு அடித்து இறுக்கினோம். பலகைத் தரை தனியாகத் தாங்காது என்பதால், கீழே கடைக்குள் அதே இடத்துக்கு நேராக இன்னும் மூன்று கட்டைகள். மேல் முட்டின் பாரம் கீழ் முட்டு வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்த மூன்று இடத்தில் மெல்லிய காகிதத் துண்டுகளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டினேன். சுவர் அசைந்தால் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முந்தி காகிதம் கிழியும். வெளியே பலஞ்சி கட்டி, அதாவது சாரம் கட்டி, மழைக்குத் தார்ப்பாயும் தொங்கவிட்டோம். மெஷின் வேண்டாம், உளியும் சின்னச் சுத்தியலும் மட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெளிப்பாதி ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. உத்தரத்துக்கு மேலிருந்த இடைவெளியில் ஈரமே தெரியாத கலவையைக் கட்டையால் இடித்து இடித்து நிரப்பினோம். ஒரு வாரம் விட்டோம். ஐப்பசி மழை அதற்குள் ஊன்றிப் பிடித்துவிட்டது. அம்மா வாட்டிலிருந்து வந்து, தெரிந்த டீச்சர் ஒருவர் வீட்டில் இருந்தார்.

உள்பாதி வெட்டிய அன்று பாஸ் தானாகவே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். குசினிக்குள் ஒரு கதிரையைப் போடச் சொல்லி, சுவருக்கு அடியிலேயே உட்கார்ந்தார்.

"பாஸ், நீங்க கீழ போங்க."

"ஏன்? கோடு கீறினது நான்."

"வெட்டச் சொன்னது நான், பாஸ்."

"அப்ப ரெண்டு பேரும் இருப்பம்."

பாதிக் காடி வெட்டியிருப்போம். 'டிக்' என்று ஒரு சத்தம். நடுக் காகிதம் குறுக்கே கிழிந்தது. மேலிருந்து சுண்ணாம்புத் தூள் ஒரு பிடி கொட்டியது. "நிப்பாட்டு!" என்று கத்தினேன். ஆட்களைக் கீழே அனுப்பினேன். நானும் பாஸும் மட்டும். பயந்தேன், பொய் சொல்லவில்லை. செல்வராணியின் பதினாலு வருஷமும், அந்த அம்மாவின் மூச்சும் என் உள்ளங்கைக்கு நேரே நின்றது போலிருந்தது. சுவரில் கையை வைத்தேன். அதில் அதிர்வு இல்லை. சுவர் சரியாகத்தான் இருந்தது. பாஸ் கதிரையில் இருந்தபடியே கையை நீட்டி நடு முட்டுக்கட்டையை ஆட்டினார். ஆடியது.

கீழே ஓடினேன். கடைக்குள் நடுக்கட்டை அரை அடி தள்ளி நின்றது. பக்கத்தில் புத்தம் புது அண்டா ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. காலையில் லொறியில் சாமான் வந்திருக்கிறது. அண்டா உள்ளே போகவில்லையென்று ஆப்பைத் தட்டி, கட்டையை நகர்த்தி, திரும்ப இறுக்கியும் வைத்திருக்கிறான், இன்றைக்கு லேசர் வைத்திருக்கிற அதே நேசன். "அர அடிதானேண்ணே" என்றான். அந்த அரை அடியில் மேலே பலகை வளைந்துவிட்டது. அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

அண்டாவை ரோட்டில் வைத்தோம். கட்டையை நேராக்கி, ஆப்பை மெல்ல மெல்ல அடித்து, மேலே பலகை நிமிர்ந்ததைக் கையால் தடவிப் பார்த்தேன். புதுக் காகிதம் ஒட்டினேன். அங்கேயே, கிழிந்த காகிதத்துக்குக் கீழேயே, எல்லோருமாகச் சாப்பிட்டோம். நேசன் ஒரு பருக்கை இறங்காமல் உட்கார்ந்திருந்தான். பாஸ் தன் பார்சலில் இருந்த முட்டையை எடுத்து அவன் சோற்றில் வைத்தார். இரண்டு மணி நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை. திரும்ப உளியை எடுத்தோம்.

அடுத்த வாரம் கற்களை எடுத்தோம். முதலில் ஒரு கல் அளவு ஓட்டை. அதன் வழியாகக் காற்று உள்ளே வந்தது பாருங்கள், ஈர மண்ணும் வாழைச் சருகுமாக ஒரு வாசனை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ் பல்பை அணைக்கச் சொன்னார்.

நிலை வைத்து, கதவு மாட்டி, அம்மாவைக் கூட்டி வந்தார்கள். வந்தவுடன் பழக்கத்தில் சுவரைத் தட்டக் கையைத் தூக்கினார். ஜன்னலைக் கண்டு நிறுத்தினார். கையை வெளியே நீட்டித் தூறலில் நனைத்தார். மேகம் கொஞ்சம் விலகி நமுனுகுலை மலை தெரிந்தது.

"நாப்பது வருஷம் அந்தப் பக்கம்தான் நின்னு கொழுந்தெடுத்தேன். மல எப்புடி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். வெகுநேரம் அங்கேயே நின்றார். மூச்சு சீராக வந்தது, நான் அதையே கவனித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரி தம்பி. ராணி கீழ கடையில இருப்பா. எனக்கு முட்டுச்சுன்னா நான் யாரத் தட்டுறது?"

கூட வந்திருந்த பாஸ் செருப்பில்லாத காலால் பலகைத் தரையை ஒரு தடவை உதைத்தார். கீழே கடையிலிருந்து செல்வராணி, "என்னாண்ணே?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். கொங்கிரீட் போட்டிருந்தால் கேட்டிருக்காது. அம்மா சோறு கிளறுகிற துடுப்புக் கட்டையை எடுத்துத் தரையில் தட்டினார். கீழேயிருந்து செல்வராணி விற்பனைக்கு வைத்திருந்த விளக்குமாற்றுக் கட்டையால் தலைக்கு மேல் பலகையைத் தட்டினார். அம்மா முகத்தில் அப்போதுதான் முழுச் சிரிப்பைப் பார்த்தேன்.

பாஸ் அடுத்த வருஷம் காலமானார். அவர் சாகுமுன் அந்தக் குசினியில் இன்னும் இரண்டு தடவை சாப்பிட்டார். இரண்டு தடவையும் படி ஏறுமுன் அவருடைய கணக்கிலேயே கீழிருந்து நான் தட்டினேன். எனக்கு வேலை தந்தவர்கள் எத்தனையோ பேர், எல்லோருக்கும் நன்றி. ஆனால் என் வேலையை எனக்கே காட்டித் தந்தது, சுவரைத் தட்டிவிட்டுப் பதில் வராமல் திரும்பிப் பார்த்த அந்த அம்மாதான். அதற்குப் பிறகு நான் கட்டிய எந்த வீட்டிலும், தோட்டத்துக்குள் கட்டிய தனி வீடுகளில்கூட, முதலில் சுற்றிப் போய்ப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

போன வாரம் தேத்தண்ணி வடி வாங்க அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம். செல்வராணி ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குக் குத்துவிளக்கு காட்டிக்கொண்டிருந்தார். மேலே பலகையில் சத்தம் கேட்டது. செல்வராணி கை நிறையச் சாமானோடு என்னைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் தட்டிருங்க. பதில் வரலன்னா அம்மா பயந்துருவாங்க" என்றார்.

விளக்குமாற்றுக் கட்டை ஒன்றை எடுத்தேன். டொக், டொக் என்று தட்டினேன். கொஞ்சம் பொறுத்தேன். இன்னொரு தடவை, டொக்.

மேலே காலடிச் சத்தம் எனக்கு நேரே வந்து நின்றது. பிறகு பலகை வழியாக அந்த அம்மாவின் குரல் மூச்சு வாங்காமல் முழுசாக வந்தது.

"சந்தனம் தம்பியா? ஏறி வாங்க, சோறு போடுறேன்!"